மின்வழி மேலாண்மை

மின்வழி மேலாண்மை என்பது, மீள்மின்னேற்றத்தக்க மின்கலம் கொண்ட ஒரு கருவி வெளி மின்மூலத்துடன் இணைக்கப்பட்டிருக்கும்போது, அம்மூலம் வழங்கும் மின்திறனைக் கருவியின் இயக்கத்திற்கும் மின்கலத்தை மின்னேற்றுவதற்கும் பகிர்ந்தளிக்கும் முறை ஆகும். மின்னணுவியல் துறையினர் இதனைப் பவர் பாத் என்றும் அழைப்பர். கைபேசி, மடிக்கணினி, எண்ணிம ஒளிப்படக்கருவி, கையடக்க மருத்துவக் கருவிகள் முதலியவற்றில் இப்பணிக்கென ஒரு தனிச் சில்லோ, மின்னேற்றிச் சில்லின் ஒரு பகுதியோ அமைந்திருக்கும்.

இம்முறையின் அடிப்படை விதி எளியது. வெளியிலிருந்து வரும் மின்திறன் முதலில் கருவியின் தேவைக்குச் செல்லும். எஞ்சியது மட்டுமே மின்கலத்திற்குச் செல்லும். கருவியின் தேவை வரவைவிட மிகுந்தால், பற்றாக்குறையை மின்கலம் ஈடுசெய்யும்.

பொதுவழக்கில் சார்ஜர் எனப்படும், சுவரில் செருகும் பொருள் உண்மையில் ஒரு மின்வழங்கி மட்டுமே. மின்கலத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னேற்றிச் சுற்று பெரும்பாலான கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் கருவியின் உள்ளேயே இருக்கின்றது. இக்கட்டுரையில் வெளியே இருப்பது அடாப்டர் என்றும், உள்ளே இருப்பது மின்னேற்றி என்றும் குறிக்கப்படுகின்றன.

பின்னணி

ஒரு மின்மூலம், ஒரு மின்கலம், ஒரு சுமை ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து இயக்குவது கையடக்கக் கருவிகளுக்கு முற்பட்ட வழக்கமாகும். தானுந்துகளில் மின்னாக்கி, ஈய-அமில மின்கலம், விளக்குகள் முதலிய சுமைகள் ஆகியவை ஒரே மின்தடத்தில் பக்க இணைப்பில் உள்ளன. பொறி வேகமாக ஓடும்போது மின்னாக்கி ஏறத்தாழ 14 வோல்ட் மின்னழுத்தத்தில் விளக்குகளுக்கும் மின்கலத்திற்கும் மின்சாரம் தருகின்றது. பொறி மெதுவாக ஓடி, சுமை மிகும்போது மின்கலம் கைகொடுக்கின்றது. தொலைபேசி இணைப்பகங்களிலும் 48 வோல்ட் மின்கல அடுக்குகள் திருத்தியுடனும் சுமையுடனும் நிலையாக இணைக்கப்பட்டிருந்தன. இதற்கு மிதவை மின்னேற்றம் என்று பெயர்.

ஈய-அமில மின்கலம் முழுமையாக மின்னேறிய பின்னும், சரியான மிதவை மின்னழுத்தத்தில் நெடுங்காலம் இணைந்திருப்பதைத் தாங்கும். எனவே அங்கு மின்கலத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தனியே அளந்து நிறுத்த வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிக அளவில் அறிமுகப்படுத்திய பின், கையடக்கக் கருவிகளில் அவ்வகை மின்கலமே பரவலாயிற்று. எடை குறைந்த இம்மின்கலம் மிகை மின்னேற்றத்தையும் மிகை மின்னிறக்கத்தையும் தாங்காது. சுமையையும் மின்கலத்தையும் தனித்தனியாகக் கையாள வேண்டிய கட்டாயம் இதனாலேயே ஏற்பட்டது.

லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னேற்றக் கட்டங்கள்

பகிர்வு ஏன் தேவைப்படுகின்றது என்பதை அறிய, இம்மின்கலம் எவ்வாறு மின்னேற்றப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். பரவலாக உள்ள வகையில் ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட் ஆகும்; முழு மின்னேற்றத்தில் அது 4.2 வோல்ட் ஆகும். மின்னேற்றம் பின்வரும் கட்டங்களில் நடைபெறுகின்றது.

1. முன்மின்னேற்றம்: கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால், மிகச் சிறிய மின்னோட்டம் மட்டுமே செலுத்தப்படும். இது பொதுவாக முழு மின்னேற்ற மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும்.

2. மாறா மின்னோட்டம்: கலம் 4.2 வோல்ட்டை எட்டும்வரை வரையறுக்கப்பட்ட முழு மின்னோட்டம் செலுத்தப்படும்.

3. மாறா மின்னழுத்தம்: 4.2 வோல்ட் நிலையாகப் பிடிக்கப்படும். கலம் நிறைய நிறைய மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும்.

4. நிறுத்தம்: மின்னோட்டம் குறிப்பிட்ட சிறு அளவுக்குக் குறைந்ததும் மின்னேற்றம் முற்றிலும் நிறுத்தப்படும்.

இவற்றுடன் ஒரு பாதுகாப்பு நேரங்காட்டியும் இயங்கும். குறித்த மணி நேரத்திற்குள் மின்னேற்றம் முடியாவிட்டால், கலத்தில் பழுது உள்ளதாகக் கொண்டு மின்னேற்றி நின்றுவிடும். இக்கட்டங்கள் அனைத்தும் மின்கலத்தினுள் செல்லும் மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் துல்லியமாக அறிவதையே நம்பியுள்ளன.

நேரடி இணைப்பும் அதன் சிக்கல்களும்

மிக எளிய அமைப்பில் மின்னேற்றியின் வெளியீடு, மின்கலம், கருவியின் சுற்று ஆகிய மூன்றும் ஒரே புள்ளியில் இணைக்கப்படுகின்றன. உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. ஆயினும் இங்கு மின்னேற்றி அளக்கும் மின்னோட்டம், மின்கலத்திற்கும் கருவிக்கும் சேர்த்துச் செல்லும் கூட்டுத்தொகையே ஆகும். இதனால் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, மின்னேற்றம் முடிந்ததை அறிய இயலாமை. 1000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்திற்கு நிறுத்த மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். கருவி இடைவிடாது 150 மில்லி ஆம்பியரைப் பயன்படுத்துமானால், மின்கலம் முற்றிலும் நிறைந்த பின்னும் மின்னேற்றி 150 மில்லி ஆம்பியரையே காணும். நிறுத்த அளவு ஒருபோதும் எட்டப்படாது. மின்கலம் 4.2 வோல்ட்டிலேயே ஓயாமல் பிடித்து வைக்கப்படும். இது அதன் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டாவது, நேரங்காட்டியின் பொய்யான எச்சரிக்கை. மேற்கண்ட மின்கலம் 500 மில்லி ஆம்பியரில் மின்னேற்றப்படுகின்றது. அதில் கருவி 350 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்கின்றது என்று கொள்வோம். மின்கலத்திற்கு எஞ்சுவது 150 மில்லி ஆம்பியர் மட்டுமே. வெறுமையான மின்கலம் நிறைய ஆறரை மணி நேரத்திற்கு மேலாகும். நேரங்காட்டி 5 மணி நேரத்திற்கு அமைக்கப்பட்டிருந்தால், நல்ல நிலையில் உள்ள மின்கலம் பழுதானதாகக் கருதப்பட்டு மின்னேற்றம் பாதியில் நிற்கும்.

மூன்றாவது, முற்றிலும் வெறுமையான மின்கலம். கலம் 2.8 வோல்ட்டில் இருக்கும்போது முன்மின்னேற்றமாக 100 மில்லி ஆம்பியர் மட்டுமே செல்கின்றது. கருவி இயங்க 300 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டால், அடாப்டர் இணைந்திருந்தும் மின்கலம் மேலும் வடியும். அதோடு கருவியின் சுற்றுகளுக்கும் கலத்தின் அதே தாழ்ந்த மின்னழுத்தமே கிடைக்கும். எனவே பயனர், கலம் ஓரளவு ஏறும்வரை சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே கருவியை இயக்க முடியும். அவசர அழைப்புக்கான கைபேசியிலோ கையடக்க மருத்துவக் கருவியிலோ இக்காத்திருப்பு பெருங்குறையாகும்.

பகிர்வு நடைபெறும் விதம்

மின்வழி மேலாண்மையில் கருவியின் சுற்றுக்கும் மின்கலத்திற்கும் இடையே ஒரு மின்னணு நிலைமாற்றி வைக்கப்படுகின்றது. இதற்குப் பொதுவாக மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் பயன்படுகின்றது. கருவியின் சுற்று அடாப்டரிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும். மின்கலத்திற்குச் செல்லும் வழி தனியானது. அங்கு பாயும் மின்னோட்டமும் தனியே அளக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, 500 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாத ஒரு யூஎஸ்பி துறையில் இணைக்கப்பட்ட கருவியைக் கொள்வோம். மின்கலத்தின் மின்னேற்ற மின்னோட்டம் 400 மில்லி ஆம்பியர் என அமைக்கப்பட்டுள்ளது. உள்ளீட்டு மின்னோட்டமே பகிரப்படும் எளிய சுற்றில் நிலைமை பின்வருமாறு மாறும்.

கருவியின் தேவை 50 எனில்: மின்கலத்திற்கு 400 செல்லும், துறையிலிருந்து எடுக்கப்படுவது 450.
கருவியின் தேவை 200 எனில்: மின்கலத்திற்கு 300 செல்லும், துறையிலிருந்து எடுக்கப்படுவது 500.
கருவியின் தேவை 500 எனில்: மின்கலத்திற்கு எதுவும் செல்லாது, துறையிலிருந்து எடுக்கப்படுவது 500.
கருவியின் தேவை 800 எனில்: மின்கலம் 300 வழங்கும், துறையிலிருந்து எடுக்கப்படுவது 500.
(அளவுகள் மில்லி ஆம்பியரில்)

இறுதி நிலைக்குத் துணைவழங்கல் நிலை என்று பெயர். இந்நிலையில் மின்கலத்திற்கான நிலைமாற்றி ஒரு சிறந்த டையோடு போல நடந்துகொள்கின்றது. சாதாரண ஷாட்கி டையோடில் ஏறத்தாழ 0.3 வோல்ட் இழப்பு ஏற்படும். கட்டுப்படுத்தப்பட்ட மாஸ்ஃபெட்டில் இவ்விழப்பு சில பத்து மில்லிவோல்ட் அளவிலேயே நிற்கும்.

மின்கலத்திற்குக் குறைந்த மின்னோட்டமே கிடைக்கும் வேளையில் பாதுகாப்பு நேரங்காட்டியையும் அதற்கேற்ப மெதுவாக்கும் வசதி பல சில்லுகளில் உண்டு. இதனால் முன்னர் கூறப்பட்ட பொய்யான எச்சரிக்கை தவிர்க்கப்படுகின்றது.

மின்மூலத்தின் எல்லை

பகிர்வின் தேவையை மிகுவித்தது யூஎஸ்பி இடைமுகமாகும். யூஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு கருவி கணினியுடன் உடன்பாடு செய்துகொள்ளும் முன் 100 மில்லி ஆம்பியரும், செய்துகொண்ட பின் 500 மில்லி ஆம்பியரும் எடுக்கலாம். 5 வோல்ட்டில் இது 2.5 வாட் மட்டுமே. யூஎஸ்பி 3.0 இதனை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. டைப்-சி இணைப்பியில் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை பெறலாம். யூஎஸ்பி பவர் டெலிவரி தரத்தில் 100 வாட் வரையும், 2021இல் வெளியான அதன் 3.1 பதிப்பில் 240 வாட் வரையும் வழங்க இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், கம்பிவழி மின்னேற்றப்படும் புதிய கைபேசிகளுக்கு டைப்-சி இணைப்பி கட்டாயமாக்கப்பட்டது. ஒரே அடாப்டர் பல கருவிகளுக்குப் பயன்படும் இச்சூழலில், ஒரு கருவி தனக்குக் கிடைக்கும் மின்திறன் எவ்வளவாயினும் அதற்கேற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

சராசரித் தேவை எல்லைக்குள் இருந்தாலும், கணநேர உச்சத் தேவை எல்லையைத் தாண்டலாம். ஜிஎஸ்எம் கைபேசி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது ஏறத்தாழ 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை 0.58 மில்லிநொடி நேரம் மட்டும் அலைபரப்பும். அக்கணத்தில் மின்னோட்டம் 2 ஆம்பியர் அளவை எட்டலாம். எட்டில் ஒரு பங்கு நேரமே பரப்புவதால் இதன் சராசரி ஏறத்தாழ 0.25 ஆம்பியர் ஆகும். சராசரியைப் பார்த்தால் 500 மில்லி ஆம்பியர் துறை போதுமானது. உச்சத்தைப் பார்த்தால் போதாது. இடைவெளியை மின்கலமே நிரப்புகின்றது.

செயற்படுத்தும் முறைகள்

மின்னோட்ட எல்லை முறை: உள்ளீட்டு மின்னோட்டம் வரையறுத்த அளவை எட்டும்போது மின்னேற்ற மின்னோட்டம் குறைக்கப்படும். யூஎஸ்பி துறைகளுக்கு இம்முறை இன்றியமையாதது.

மின்னழுத்தச் சரிவு முறை: மூலத்தால் தாங்க இயலாத அளவு மின்னோட்டம் எடுக்கப்பட்டால் அதன் மின்னழுத்தம் சரியத் தொடங்கும். 5 வோல்ட் மூலம் ஏறத்தாழ 4.5 வோல்ட்டுக்குச் சரிந்ததும் மின்னேற்றி தன் தேவையைக் குறைத்துக்கொள்ளும். திறன் அறியப்படாத அடாப்டர், நீண்டு மெலிந்த கம்பி, மேகம் சூழும்போது வலுக்குறையும் சூரிய மின்தகடு ஆகியவற்றுடன் கருவி இயங்க இது உதவுகின்றது.

நேர்போக்கு மின்னேற்றி: மிகையான மின்னழுத்தத்தை வெப்பமாக விரயமாக்கும் எளிய வகை. 5 வோல்ட் மூலத்திலிருந்து 3.7 வோல்ட் கலத்திற்கு 1 ஆம்பியர் செலுத்தினால், 1.3 வாட் வெப்பமாகும். சிறு கருவிகளுக்கே இது ஏற்றது.

நிலைமாற்று மின்னேற்றி: மின்சுருளின் துணையுடன் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வகை. 90 விழுக்காடு பயனுறுதிறனில் மேற்கண்ட மின்னேற்றத்திற்கு ஏறத்தாழ 0.4 வாட் மட்டுமே வெப்பமாகும். 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியரைப் பெற்று, கலத்திற்கு ஏறத்தாழ 600 மில்லி ஆம்பியரைத் தரவும் இதனால் இயலும்.

2000களில் லீனியர் டெக்னாலஜி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் முதலிய நிறுவனங்கள் இச்செயல்பாடுகள் அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கி வெளியிட்டன. லீனியர் டெக்னாலஜி 2017இல் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

மடிக்கணினிகளில்

பழைய மடிக்கணினி அமைப்பில் 19 வோல்ட் அளவிலான அடாப்டர் மின்னழுத்தம் நேரடியாகக் கணினியின் முதன்மை மின்தடத்திற்குச் செல்லும். அடாப்டர் கழற்றப்பட்டால் மின்கலம் அத்தடத்துடன் இணைக்கப்படும். மூன்று கலங்கள் தொடராக உள்ள மின்கலத்தின் மின்னழுத்தம் 9 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கும். ஆகவே உள்ளிருக்கும் மாற்றிகள் 9 முதல் 19 வோல்ட் வரையிலான அகன்ற எல்லையைத் தாங்க வேண்டும். பின்னர் வந்த என்விடிசி எனும் அமைப்பில், அடாப்டரின் மின்னழுத்தம் நுழைவாயிலிலேயே மின்கலத்தின் மின்னழுத்தத்தை ஒட்டிய அளவுக்குக் குறைக்கப்படுகின்றது. மின்கலம் வெறுமையாக இருந்தாலும் மின்தடத்தின் மின்னழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் காக்கப்படுகின்றது.

2008இல் இன்டெல் அறிமுகப்படுத்திய டர்போ பூஸ்ட் போன்ற வசதிகளால், நுண்செயலி சிறிது நேரத்திற்குத் தன் வழக்கமான அளவைவிட மிகுதியான மின்திறனை எடுத்துக்கொள்கின்றது. இவ்வுச்சத்திற்கேற்பப் பெரிய அடாப்டரை அளிப்பதற்குப் பதிலாக, அடாப்டரும் மின்கலமும் சேர்ந்து சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றது.

ஆப்பிள் நிறுவனத்தின் கழற்றக்கூடிய மின்கலம் கொண்ட மேக்புக், மேக்புக் புரோ கணினிகளில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. அடாப்டர் இணைந்திருக்கையில் மின்கலத்தைக் கழற்றிவிட்டால், அக்கணினிகள் நுண்செயலியின் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொண்டன. அடாப்டர் மட்டும் உச்சத் தேவையைத் தாங்காமல் கணினி திடீரென அணைந்துவிடுவதைத் தவிர்ப்பதே இதன் நோக்கமாகும்.

மின்கலத்தின் ஆயுளும் வெப்பமும்

மின்னேற்றும்போது கருவியைப் பயன்படுத்தினால் மின்கலம் கெட்டுவிடும் என்பது பரவலான கருத்தாகும். மின்வழி மேலாண்மை உள்ள கருவியில் பயன்பாட்டுக்கான மின்சாரம் மின்கலத்தின் வழியாகச் செல்வதில்லை. துணைவழங்கல் நிகழாதவரை, பயன்பாட்டினால் மின்கலத்தின் மின்னேற்றச் சுற்றுகள் கூடுவதும் இல்லை. ஆயினும் இக்கருத்து முற்றிலும் அடிப்படையற்றதன்று. நுண்செயலி, திரை, மின்னேற்றி ஆகிய மூன்றும் ஒரே வேளையில் வெப்பத்தை வெளியிடுவதால் கருவி சூடாகின்றது. மிகுந்த வெப்பமும் நிறைந்த மின்னேற்ற நிலையும் ஒருங்கே நீடித்தால் லித்தியம் அயனி கலம் விரைவில் மூப்படையும். ஆக, ஆயுளைக் குறைப்பது பயன்பாடு அன்று. அதனுடன் வரும் வெப்பமே.

பொதுவாக 0 பாகை செல்சியசுக்குக் கீழும் 45 பாகைக்கு மேலும் இக்கலங்களை மின்னேற்றுவது தவிர்க்கப்படுகின்றது. கருவி இவ்வெல்லையை நெருங்கும்போது மின்னேற்றி தன் மின்னோட்டத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். கருவியோ அடாப்டரிலிருந்து தொடர்ந்து இயங்கும். மின்கலத்தையும் சுமையையும் பிரித்து வைத்திருப்பதாலேயே இது இயலுகின்றது.

இதே பிரிவினையைப் பயன்படுத்தி, மின்னேற்றத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் வசதிகளும் வந்தன. சோனி நிறுவனம் 2020இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2 கைபேசியிலும், சாம்சங் நிறுவனம் 2023இல் கேலக்சி எஸ்23 வரிசையிலும் விளையாட்டின்போது மின்கலத்தை மின்னேற்றாமல் அடாப்டரின் மின்திறனைக் கருவிக்கு மட்டும் தரும் வசதியை அளித்தன. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் தெரிவு பல மடிக்கணினிகளிலும், 2023இல் வெளியான ஐஃபோன் 15 வரிசையிலும் இடம்பெற்றது.

பயனர் காணக்கூடிய நிலைகள்

அடாப்டர் இணைந்திருந்தும் மின்னேற்ற அளவு குறைதல்: கருவியின் தேவை வரவைவிட மிகுதி என்பதே பொதுவான காரணம். திறன் குறைந்த அடாப்டரோ கணினியின் யூஎஸ்பி துறையோ பயன்படுத்தப்படும்போது இது நிகழும். இது பெரும்பாலும் மின்கலத்தின் பழுதன்று.

திரை எரியும்போது மெதுவாகவும், அணைந்த பின் விரைவாகவும் மின்னேறுதல்: எஞ்சும் மின்திறன் மாறுவதன் விளைவாகும்.

100 விழுக்காட்டை எட்டிய பின் சற்றே குறைந்து, மீண்டும் ஏறுதல்: நிறுத்தத்திற்குப் பின் கலம் குறிப்பிட்ட அளவு இறங்கும்வரை மின்னேற்றம் மீண்டும் தொடங்காது.

வெறுமையான கைபேசி அடாப்டரில் இணைத்த பின்னும் உடனே இயங்காமை: மின்வழி மேலாண்மை இருந்தாலும், உச்சத் தேவைக்குத் துணைநிற்கும் அளவு மின்கலம் ஏறும்வரை சில கருவிகள் இயக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன.

குறைபாடுகள்

கூடுதல் நிலைமாற்றிகளால் விலையும் சுற்றுப்பலகையில் அவை பிடிக்கும் இடமும் கூடுகின்றன. கருவி மின்கலத்தில் இயங்கும்போது மின்னோட்டம் இந்நிலைமாற்றியின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், அதன் மின்தடையால் சிறு இழப்பு எப்போதும் உண்டு. எனவே மின்தேவை மிகக் குறைந்த கருவிகளிலும் மலிவான கருவிகளிலும் நேரடி இணைப்பு தொடர்ந்து பயன்படுத்தப்படுகின்றது. மின்னேற்றும்போது அணைத்து வைக்கப்படும் கருவிகளில் அதனால் பெரிய குறை இல்லை.

தொடர்புடைய அமைப்புகள்

தடையில்லா மின்வழங்கிகள் இதே தேவையை வேறு விதமாக நிறைவு செய்கின்றன. வீடுகளில் பயன்படும் எளிய வகையில், மின்வாரிய மின்சாரம் இருக்கும்போது அது நேரடியாகச் சுமைக்குச் செல்லும். மின்கலம் தனியே மின்னேற்றப்படும். மின்தடை ஏற்பட்டால் சுமை மின்கலத்திற்கு மாற்றப்படும். இவ்வகையில் மூலமும் மின்கலமும் ஒரே வேளையில் சுமையைப் பகிர்ந்து தாங்குவதில்லை. கையடக்கக் கருவிகளின் மின்வழி மேலாண்மை இப்பண்பினாலேயே அவற்றினின்று வேறுபடுகின்றது.